கண்சிமிட்டும் பெட்டி

“ஒரு வருஷமா உன்ன ஒரு நாயும் எட்டிப் பாக்கல! மொதல்ல அதப் புரிஞ்சுக்கோ!”

“நாயும் வந்துச்சு, மனுஷனும் வந்தான். நீதான் வாசலயே பேத்து எடுத்துட்ட!”

“என்ன வாசல்? எந்த வாசல்? அம்மா, இவ என்ன உளறுறா?”

“மெதுவா பேசுங்க ரெண்டு பேரும். பக்கத்து வீட்ல காது இருக்கு.”

அந்தக் காது என்னுடையதுதான். கோபித்துக்கொள்ள ஒன்றுமில்லை, இருக்கிற காதைத்தானே இருக்கிறது என்றார்கள். எங்கள் மூன்றாவது மாடியில் அவர்கள் வீட்டுக் கூடத்துக்கும் என் சமையலறைக்கும் நடுவில் இருப்பது சுவர் என்று கட்டியவர் சொன்னார். அந்தப் பக்கம் ஒருவர் தும்மினால் இந்தப் பக்கம் நான் மூக்கைத் துடைத்துக்கொள்கிறேன். அது சுவரா?

ஆனாலும் சண்டையைக் காதால் மட்டும் கேட்பது பாதிச் சாப்பாடு. துணி உலர்த்தும் கிளிப் ஒன்றை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். “உங்க கிளிப் எங்க பால்கனியில விழுந்திருந்துச்சு” என்று சொல்லிக்கொண்டு போனால் யார் வீட்டுக்குள்ளும் போகலாம். இதற்கென்றே நாலைந்து நிறங்களில் வாங்கி வைத்திருக்கிறேன். உண்மையிலேயே விழுந்ததா என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

கதவு திறந்தே இருந்தது. கூடத்தில் நாலு பேர். சாப்பாட்டு மேசைக்கு முன்னால், மடிக்கணினியை அணைத்துக்கொண்டு, எங்கள் கட்டடத்தின் ‘வடிகட்டி’. அவருக்கு எதிரே, வேலை பார்க்கிற பல் லேபிலிருந்து வந்து கைப்பையைக்கூடத் தோளிலிருந்து இறக்காமல், அவர் தங்கை. நாற்காலியில் அம்மா. சமையலறை வாசலில், கையில் ஈரத் துணியோடு வடிகட்டியின் மனைவி.

வடிகட்டி என்று பெயர் வைத்தது நானில்லை. ஆனால் மற்ற மாடிகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்ததில் எனக்குப் பங்குண்டு. காப்பீட்டு அலுவலகத்தில் இழப்பீட்டுப் பிரிவில் இருக்கிறார். இழப்பீடு கொடுக்கும் பிரிவு என்று நீங்கள் நினைப்பீர்கள், பாவம். கொடுக்காமலிருக்கக் காரணம் தேடுவதுதான் இவருக்குச் சம்பளம். கால் ஒடிந்து வருகிறவனிடம், எந்தப் படிக்கட்டு, ஈரமாக இருந்ததா, இருந்தால் ஏன் இறங்கினாய் என்று கேட்டுக் கேட்டு, விழுந்ததே தன் தப்புதான் என்று அவனை அழ வைத்து அனுப்பிவிடுவார். அதைப் பெருமையாக லிஃப்டில் வேறு சொல்லிக்கொண்டு வருவார்.

இப்படிப்பட்ட ஒருவர் கையில்தான் ‘ஆட் பிளாக்கர்’ கிடைத்தது. பிரவுசரில் வரும் விளம்பரங்களைத் தடுக்கிற சின்னச் செயலி. உலகத்தில் எத்தனையோ பேர் போட்டுக்கொள்கிறார்கள், போட்டுவிட்டு மறந்துவிடுகிறார்கள். இவர் ஏதோ ஞானம் பெற்றவர்போல ஆகிவிட்டார். மூலையில் ‘இன்று தடுக்கப்பட்டவை’ என்று ஓர் எண் ஏறிக்கொண்டே இருக்குமாம். சிலர் காலையில் எழுந்ததும் எடை பார்ப்பார்கள். இவர் அந்த எண்ணைப் பார்ப்பார். பிறகு வீடு வீடாகப் போய், கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் போட்டுக் கொடுக்க ஆரம்பித்தார்.

என் வீட்டுக்கும் வந்தார். “அக்கா, உங்க கம்ப்யூட்டர்ல இவ்வளவு அழுக்கா?” என்றார். வீட்டுக்கு வந்து அழுக்கு என்று சொன்ன ஒருவரை நான் டீ கொடுத்து உட்கார வைத்தேன் என்றால் என் பொறுமையைப் பாருங்கள். அந்தச் செயலியில் ஒரு கருவி இருக்கிறது. பக்கத்தில் நமக்குப் பிடிக்காத எதன்மேலும் அதை வைத்து ஒரு தட்டுத் தட்டினால், அது மறைந்துவிடும். அந்தக் கணினியில் அந்தப் பெட்டி அதன்பிறகு வரவே வராது. நான் தினமும் படிக்கிற செய்தித்தாளின் இணையப் பக்கத்தைத் திறந்து, தட்டு, தட்டு, தட்டு என்று நாலு தட்டுத் தட்டிவிட்டு, டீயைக் குடித்துவிட்டுப் போனார்.

மறுநாள் பார்க்கிறேன், மறைவு அறிவிப்புகளைக் காணோம்! நான் அந்தப் பக்கத்தைத் திறப்பதே அதற்குத்தான். போய்க் கேட்டதற்கு, “கட்டம் கட்டி வந்தா விளம்பரம்தான் அக்கா, காசு குடுத்துப் போடுறாங்க” என்றார். எதிர்வீட்டிலிருந்து காலி செய்துபோன ஓய்வுபெற்ற கப்பல்காரர் இறந்த செய்தி எனக்குக் காரியமெல்லாம் முடிந்தபிறகு, அதுவும் முதல் மாடிக்காரி சொல்லித்தான் தெரிந்தது. அவள் சொல்லி நான் தெரிந்துகொள்வதா! என் அக்கா மகனைக் கூப்பிட்டு அந்தச் சனியனைப் பிடுங்கி எறியச் சொன்னேன்.

நான் பிடுங்கிவிட்டேன். தங்கைக்கு அப்படிப் பிடுங்க முடியவில்லை. அவள் விஷயம் முழுக்க அண்ணன் கணினிக்குள் இருந்தது.

அவள் பல் செய்கிறவள். டாக்டர் இல்லை, டாக்டர்கள் அனுப்புகிற வாயின் அச்சில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகில் பல்லை அடுக்கி, நிறம் பொருத்தி, கட்டுப்பல் செய்து அனுப்புகிற லேபில் வேலை. வாயாடி இல்லை, ஆனால் வாயைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவாள். வயது முப்பதைத் தாண்டிவிட்டது. அப்பா இல்லை. அண்ணன்தான் திருமண இணையதளத்தில் அவளைப் பதிந்தார். பாஸ்வேர்டை அவளிடம் கொடுக்கவில்லை. “பொண்ணுங்க உள்ள போனா போட்டோவப் பாத்து ஏமாந்துடும்” என்பது அவருடைய ஆராய்ச்சி முடிவு.

ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த மேசையில் உட்கார்ந்து, மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, மாப்பிள்ளைகளைப் பரிசீலிப்பார். தேறுகிறவர்களுக்கு விருப்பம் அனுப்புவார். பதிலே வராது. “திமிரு. ஒரு பதில் போடுறதுக்கு என்ன கேடு?” என்பார். நாளாக ஆகத் திமிர் பிடித்தவர்களின் தொகை கூடிக்கொண்டே போனது. கடைசியில் அந்தத் தளத்தில் இருக்கிற அத்தனை ஆண்களும் திமிர் பிடித்தவர்கள் என்றும், திமிர் இல்லாத ஒருவன்கூட இவளைக் கேட்கவில்லை என்றும் தீர்ப்பாகிவிட்டது. இதைத் தங்கை சாப்பிடும்போது சொல்வார். அம்மா, “அவன் பாத்தா சரியாத்தான் இருக்கும்” என்பார். தங்கை சாப்பிட்ட தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போவாள். சுவர் வழியாகத் தட்டு வைக்கிற சத்தத்திலேயே எனக்கு எல்லாம் தெரியும்.

அப்படித்தான் மேலாளரின் மைத்துனர் உள்ளே வந்தார். வடிகட்டியின் அலுவலக மேலாளர் இருக்கிறாரே, அவர் மனைவியின் தம்பி. ஐம்பதை எட்டிப் பார்க்கும் வயது. சொந்தமாக லாட்ஜ் வைத்திருக்கிறார். முதல் மனைவி போய்விட்டாள்; எங்கே என்று கேட்டால் இருமுவார்கள். பெண்ணைப் பற்றி அவர் போனில் கேட்ட ஒரே கேள்வி, கல்யாணத்துக்குப் பிறகும் வேலைக்குப் போவாளா என்பது. வடிகட்டியின் பிரிவில் தலைவர் நாற்காலி ஒன்று காலியாகப் போகிறது என்பதை நான் இங்கே சும்மா சொல்லி வைக்கிறேன்.

தங்கை போட்டோக்களைப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் சொன்னாளாம்: “எல்லாத்துலயும் வாய மூடிக்கிட்டே இருக்காரு. உதடு நிக்கிறதப் பாத்தா மேல்வரிசை முழுக்க எங்க லேப் மாதிரி ஏதோ ஒரு லேப் சரக்கு.” அண்ணன், “பல்லா கட்டிக்கப் போற, ஆளத்தான கட்டிக்கப் போற?” என்றார். வேறு யாரும் கேட்காதபோது வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு வாய் இல்லை. சரி என்று தலையாட்டினாள். ஞாயிறு காலை அவர்கள் வந்து பேசி முடிப்பதாக ஏற்பாடு.

சண்டை நடந்தது அதற்கு முந்தைய நாள், சனிக்கிழமை மதியம்.

அன்று லேபில் அரைநாள். கூட வேலை செய்கிற மெழுகுக்காரி, “நாளைக்கு வரப்போற மாப்பிள்ளையக் காட்டு” என்று பிடுங்கியிருக்கிறாள். அவர் படம் திருமணத் தளத்திலும் இருக்குமோ என்று தங்கைக்குத் தோன்றி, லேப் கணினியில் அதைத் திறந்து, பாஸ்வேர்டு இடத்தில் அண்ணன் பெயரையும் அண்ணன் பிறந்த வருடத்தையும் போட்டிருக்கிறாள். திறந்துகொண்டது. தங்கை கல்யாணத்துக்கு வைத்த பூட்டுக்கும் தன் பிறந்த வருடத்தையே சாவியாக வைத்த மனிதர்! ஆனால் அதைக்கூட விடுங்கள். திறந்ததும் பக்கத்தின் வலது ஓரத்தில் இளஞ்சிவப்பில் ஒரு பெட்டி. மேலே ஓர் இதயம் கண்சிமிட்டுகிறது. ‘உங்களுக்காக ஒருவர் காத்திருக்கிறார்!’ அதைத் தட்டினால் உள்ளே ஆட்கள். ஒருவர் இல்லை, இருவர் இல்லை. ஒரு பேருந்து நிறைய. அவர்களாகக் கேட்டவர்கள், அண்ணன் அனுப்பிய விருப்பத்துக்கு மரியாதையாகப் பதில் எழுதியவர்கள், பதில் வராததால் மறுபடி கேட்டவர்கள். பாதிக்கு மேல் ‘காலாவதி’ என்று சாம்பல் நிறமாகிவிட்டிருந்தது.

இப்போது கூடத்துக்கு வாருங்கள். நான் கிளிப்பை மேசைமேல் வைத்தேன். ஒருவரும் கவனிக்கவில்லை. நல்லது என்று நின்றுவிட்டேன்.

“உன் லேப்டாப்ப இங்க திருப்பு” என்றாள் தங்கை. தன் போனை அதன் பக்கத்தில் வைத்தாள். “ரெண்டுலயும் ஒரே பக்கம். பாரு.”

பார்த்தோம். அண்ணன் திரையில் வலது ஓரம் அலம்பிவிட்ட தரைபோல வெள்ளையாக இருந்தது. தங்கையின் போனில் இதயம் கண்சிமிட்டிக்கொண்டிருந்தது.

“அது விளம்பரம்” என்றார் வடிகட்டி.

“எது?”

“அதான், அந்தப் பெட்டி. நான்தான் எடுத்தேன். மொத நாளே எடுத்துட்டேன். கண் சிமிட்டுது பாரு! கண் சிமிட்டுறதெல்லாம் விளம்பரம்தான். ‘உங்களுக்காக ஒருவர் காத்திருக்கிறார்’னு போட்டிருக்கான். மூளை இருக்கிறவன் எவனாவது அதத் தட்டுவானா?”

“கல்யாணத்துக்கு ஆள் தேடுற எடத்துல, ஆள் காத்திருக்கார்னு சொன்னா, அதத் தட்டாம வேற எதத் தட்டுவாங்க?”

“சைட்டுலேருந்து மெயில் வந்திருக்குமேப்பா” என்றேன் நான். என்னால் எவ்வளவு நேரம்தான் வாயை மூடிக்கொண்டிருக்க முடியும்?

“அந்தக் குப்பைய நேரா குப்பைக்கே போற மாதிரி வச்சிட்டேன் அக்கா” என்றார், என்னிடம் பாராட்டை எதிர்பார்த்து.

“மெசேஜு?”

“அந்த நம்பரையும் பிளாக் பண்ணிட்டேன்.”

சமையலறை வாசலிலிருந்து அண்ணியின் குரல் வந்தது. “வேற ஏதாவது பாக்கி இருக்காங்க? காத்து வர்ற வழி?”

அவள் பேசி நான் கேட்டது அபூர்வம். வடிகட்டி அவளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தங்கை போனில் ஒரு பெயரைத் தொட்டு, அம்மாவிடம் நீட்டினாள். கண்ணாடிக் கடை வைத்திருக்கிறவர். கண் பரிசோதித்து, லென்ஸ் தேய்த்துக் கொடுக்கிறவர். மூன்று முறை எழுதியிருக்கிறார். முதல் தடவை தன்னைப் பற்றி, தன் அம்மாவைப் பற்றி. இரண்டாவது தடவை, ‘பல் லேபில் வேலை என்று போட்டிருக்கிறீர்கள். நானும் கண்ணுக்குத் தெரியாத அளவுகளோடுதான் நாள் முழுக்க மல்லுக்கட்டுகிறேன். பேச நிறைய இருக்கும் என்று தோன்றுகிறது’ என்று. கீழே போன் நம்பர். மூன்றாவதில் இரண்டே வரி: ‘பதில் வராததையே பதிலாக எடுத்துக்கொள்கிறேன். எங்கிருந்தாலும் நன்றாக இருங்கள்.’

அம்மா உதட்டை அசைத்து அசைத்துப் படித்தார். படித்துவிட்டு மறுபடி மேலிருந்து படித்தார்.

“போலி” என்றார் வடிகட்டி. “இப்பல்லாம் இப்படித்தான் உருக்கமா எழுதுறான். இந்த நம்பர்ல கூப்பிட்டா உடனே கார்டு நம்பர் கேப்பான். வேணும்னா பாரு. இப்பவே நிரூபிக்கிறேன்.”

ஒரு மனிதனுக்குத் தன் முட்டாள்தனத்தின்மேல் இருக்கிற நம்பிக்கை வேறு எதன்மேலும் இருப்பதில்லை. அவரே நம்பரை அழுத்தினார். எல்லாரும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டார். எனக்காகவும்தான் என்று எடுத்துக்கொண்டேன்.

“வணக்கம், கண்ணாடிக் கடைங்க” என்றது குரல்.

“நீங்க உண்மையான ஆளா?”

“என்னங்க?”

“உண்மையான ஆளான்னு கேக்கறேன்.”

“கடையில கஸ்டமர் இருக்காங்க சார். என்ன பவர் வேணும்?”

தங்கை போனைப் பிடுங்கினாள். தான் யார் என்று சொன்னாள். பல் லேப் என்றதும், அந்தப் பக்கம் ஒரு கண்ணாடி பிரேமை மேசைமேல் வைக்கிற ஒலி கேட்டது.

“நீங்க எழுதினதெல்லாம் இன்னிக்குத்தான் பாத்தேன்” என்றாள். “என்கிட்ட வரவே இல்ல. வேணும்னு பதில் போடாம இருக்கல. அத மட்டும் சொல்லிடணும்னு…”

“பரவாயில்லங்க.” குரல் நல்ல குரல். “எனக்குப் போன மாசம் நிச்சயமாயிடுச்சு. நீங்க கூப்பிட்டுச் சொன்னதுக்கு நன்றி. நெஜமா.”

“சந்தோஷமா இருங்க.”

“நீங்களும்.”

வைத்துவிட்டாள். அந்த நேரத்தில் ஒருவர் என்ன செய்யலாம்? தலையைக் குனியலாம். தண்ணீர் குடிக்கலாம். வாயை மூடிக்கொள்ளலாம், அதற்குப் பைசா செலவில்லை. எங்கள் வடிகட்டி இரண்டு கையையும் விரித்து, “பாத்தியா? ஒருத்தரும் காத்திருக்கல. விளம்பரம்னு சொன்னேன்ல?” என்றார்.

சத்தியமாகச் சொல்கிறேன், அதைச் சொல்லிவிட்டுச் சிரித்தார்.

தங்கை அழவில்லை. அவர் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், அளவு எடுக்கிறவள்போல.

“உன் மேலாளருக்குப் போன் போடு” என்றாள். “நாளைக்கு வரவேணாம்னு சொல்லு.”

“என்ன வெளையாடுறியா? அவங்க கிளம்பத் தயாரா இருப்பாங்க. நான் திங்கக்கிழமை அவர் மூஞ்சில எப்படி முழிப்பேன்? அம்மா, சொல்லேன்!”

அம்மா இன்னும் தங்கையின் போனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். “இத்தன பேருடா” என்றார். “யாருமே கேக்கலன்னியே. சோறு போடும்போதெல்லாம் சொன்னியே.”

“நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?” என்றாள் தங்கை.

“உனக்கு அவர் நம்பரே தெரியாது” என்று வடிகட்டி தன் போனை அவளிடமிருந்து பிடுங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

அண்ணி ஈரத் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, மேலாளரின் நம்பரை மனப்பாடமாக, ஒவ்வோர் எண்ணாக, குழந்தைக்குச் சொல்வதுபோல நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். இத்தனை வருடமாகக் கணவர் இரவு அலுவலகத்திலிருந்து வரத் தாமதமானால் இவள்தான் அந்த நம்பரை அழைத்து, கெஞ்சி, விசாரிக்க வேண்டியிருந்தது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

தங்கை அம்மாவிடமிருந்து தன் போனை வாங்கி அழுத்தி, மரியாதையாகத்தான் பேசினாள். “சார், வணக்கம், நான் அவர் தங்கச்சி. நாளைக்கு நீங்க வரவேண்டாம் சார். இல்ல, உடம்புக்கு ஒண்ணுமில்ல. காரணமா? எங்க வீட்டுல வந்த விண்ணப்பமெல்லாம் பாக்காமலே தள்ளுபடி ஆயிருக்கு சார். மறுபடி எடுத்துப் பாக்கணும். அண்ணனா? பக்கத்துலதான் நிக்கிறார். வேர்க்குது அவருக்கு.”

நான் கிளிப்பை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன். ஒரு கிளிப் போனால் என்ன, இந்த விலைக்கு இப்படி ஒரு மதியம் எங்கே கிடைக்கும்?

அன்று மாலையே அவள் பாஸ்வேர்டை மாற்றிவிட்டாள். வடிகட்டி இரண்டு மூன்று நாள் தன் பிறந்த வருடத்தையே விதவிதமாகப் போட்டுப் பார்த்து, தளமே கெட்டுப்போய்விட்டது என்று என்னிடம் சொன்னார். அந்தப் பெட்டியில் காலாவதி ஆகாமல் மீதியிருந்தவர்களுக்குத் தங்கை தானே பதில் எழுதினாள். சிலர் கோபமாகத் திட்டினார்கள். ஒருவர் தன் குழந்தையின் படத்தை அனுப்பி, ‘தாமதமாகிவிட்டது சகோதரி’ என்று எழுதினார். லிஃப்ட் பழுது பார்க்கிற ஒருவர் மட்டும், எங்கே சந்திக்கலாம் என்று கேட்டார். டீக்கடையில் சந்தித்தார்கள். திரும்பி வந்தவளிடம், “எப்படிம்மா ஆளு?” என்று படிக்கட்டில் மறித்துக் கேட்டேன். “பல்லெல்லாம் சொந்தப் பல்லு அக்கா. ஒண்ணு கோணல். சிரிக்கும்போது மறைக்கல” என்றாள். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

கல்யாணம் பதிவு அலுவலகத்தில் நடந்தது. வடிகட்டி சாட்சிக் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் காகிதத்தை மேலும் கீழும் படித்து, ஏதாவது குறை கிடைக்குமா என்று தேடினார், கிடைக்கவில்லை. தங்கையும் அவள் கணவரும் ரயிலில் ஒரு பகல் தூரத்தில் வேறு ஊருக்குப் போய்விட்டார்கள். அங்கே அவளுக்குப் பெரிய லேபில் வேலை. கொஞ்ச நாளில் அம்மாவும் துணி மூட்டையோடு அங்கேயே போய்விட்டார். கண்ணாடிக் கடைக்காரருக்கும் கல்யாணமாகிவிட்டது. அவர் எப்படி இருக்கிறார் என்று பார்க்கவேண்டும் என்பதற்காகவே தேவையில்லாமல் ஒரு கண்ணாடி செய்துகொண்டேன். தங்கமான மனிதர், மனைவி கொஞ்சம் வாய். மேலாளரின் மைத்துனர் தன் லாட்ஜில் கணக்கு எழுதிய பெண்ணையே கட்டிக்கொண்டார், சம்பளம் மிச்சம் என்று. தலைவர் நாற்காலி வேறொருவருக்குப் போயிற்று. அண்ணி போன மாதம் தாய்வீட்டுக்குப் போயிருக்கிறாள். “கொஞ்ச நாளைக்குத்தான் அக்கா” என்று என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போனாள். குளிர்காலத் துணிகளைக்கூட விடாமல் எடுத்துக்கொண்டு போனவள் எப்போது வருவாள் என்பதை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.